இளங்குதிரை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். கொள்ளு, தவிடு வியாபாரத்தினால் குதிரை வளர்ப்போருடன் பழகும் நம் அன்பர்களில் சிலர், பிள்ளைகளின் ஆசைக்காகவோ வண்டிக்காகவோ ஓர் இளங்குதிரையைப் பிடித்து வருவதுண்டு. கடையில் மூட்டையின் மேல்வாயைப் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. குத்தூசி போட்டு அடிச்சரக்கைப் பார்த்த பிறகே பேசுகிறோம். குதிரை வாங்குவதற்கும் அந்த நிதானம் வேண்டும். பார்க்க வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

1. வயது

கிழக் குதிரையை விற்பவர் வயதைக் குறைத்துச் சொல்வார். குட்டியை விற்பவரோ கூட்டிச் சொல்வார். உடனே சவாரிக்கு ஆகும் என்றால்தானே விலை ஏறும்? இதற்குப் பல்லே சாட்சி. முன்பல் மேலே ஆறு, கீழே ஆறு. பால்பல் சிறியதாக, வெண்மையாக, அடி ஒடுங்கி இருக்கும். நிலைப்பல் அகலமாக, சற்று மஞ்சளாக இருக்கும். நடுப்பல் இரண்டும் ஏறத்தாழ இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் மாறும். எல்லாம் பால்பல்லாகவே இருக்கும் குட்டியை "மூன்று வயது முடிந்தது" என்றால் நம்ப வேண்டாம். எலும்பு முதிராத குட்டியின் மேல் பாரம் ஏற்றினால் கால் கெட்டுவிடும்.

2. சதைப்பிடிப்பு

சந்தைக்குச் சில வாரம் முன்பிருந்தே தீனியை ஏற்றி, எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிக் கொண்டுவருவார்கள். ஆகவே கண்ணை விடக் கையை நம்ப வேண்டும். 1983-ல் அமெரிக்காவில் ஹென்னகி என்ற ஆய்வாளர் குழுவினர் வகுத்த முறையில் கழுத்து, தோள், விலா, முதுகு, வால் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 1 என்பது எலும்பும் தோலும், 9 என்பது மிதமிஞ்சிய கொழுப்பு, 5 நடுத்தரம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் எளிதில் தட்டுப்பட வேண்டும். அதுவே நல்ல நிலை.

விலா தெரிய, வயிறு மட்டும் தொங்கி, ரோமம் சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் குடற்புழுவாக இருக்கும். லத்தியைப் பரிசோதித்து மருந்து கொடுத்தால் தேறிவிடும். அதிகக் கொழுப்பும் நல்லதன்று. தானியத்தை அளவின்றிக் கொடுத்து வளர்த்த குட்டிக்கு மூட்டு வளர்ச்சி கெடலாம். குளம்பினுள் அழற்சியும் வரலாம்.

3. காலும் குளம்பும்

வைக்கோலிலோ சேற்றிலோ கட்டியிருந்தால் வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். நெடுக்கு வெடிப்பு, அடிப்புறத்தில் அழுகல் நாற்றம், ஒரு குளம்பு மட்டும் சுடுதல் ஆகியவை குற்றம். முட்டியிலும் கணுவிலும் வீக்கம் உண்டா என்று இரு கால்களையும் ஒப்பிட்டுத் தடவுங்கள்.

பிறகு கெட்டியான தரையில் நடக்கவும் ஓடவும் விடுங்கள். மணலில் நொண்டல் மறைந்துவிடும். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும்; நல்ல கால் படும்போது தாழும். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக் கொண்டுவருவோரும் உண்டு. ஆகையால் முடிந்தால் இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி பாருங்கள்.

4. மூச்சு, கண், வாய்

ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. நாடி 28 முதல் 44. குட்டிக்குச் சற்றுக் கூடும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மூக்கில் சளி, தோலில் முடிச்சுகள் இருந்தால் அருகில் செல்லவே வேண்டாம். அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் வரும் நோய் இது. உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவதே வழி. வெளியே ஒன்றும் தெரியாமலும் இந்நோய் இருக்கலாம் என்பதால், அரசு கால்நடை மருத்துவர் மூலம் இரத்தப் பரிசோதனை முடிந்த பிறகே முழுப் பணமும் கொடுப்பது என்று பேசிக்கொள்வது நல்லது.

5. சுழி

சுழி பார்ப்பது நம் வழக்கம். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுழிக்கு ஒரு மணி நேரமும் குளம்புக்கு ஒரு நிமிடமும் செலவிடுவது முறையன்று. காலில் உள்ள குறையை எந்தச் சுழியும் சரிக்கட்டாது.

விலை பேசுமுன்

கண்ட குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மெலிவு, புழு, வளர்ந்துவிட்ட குளம்பு முதலியவை திருத்தக் கூடியவை. அவற்றுக்கு விலையில் கழித்து வாங்கலாம். நொண்டல், மூட்டு வீக்கம், மூச்சுக் கோளாறு, தொற்றுநோய் ஆகியவற்றுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்கலாகாது. கொழுத்து நொண்டும் குட்டியை விட, மெலிந்து கால் சுத்தமான குட்டியே மேல். வாங்கியபின் கொள்ளை ஒரேயடியாகக் கொட்டாமல், புல்லையே பெருந்தீனியாக வைத்து, பத்து நாளில் சிறிதுசிறிதாகக் கூட்டவும்.

துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர் அவசரப்படுத்துவார். கெட்ட சரக்கை நட்டத்துக்காவது தள்ளிவிடலாம். நொண்டிக் குட்டியை அப்படித் தள்ளினால் நம் நட்டம் இன்னொருவர் தலையில் விழும். அந்த வாயில்லா ஜீவனும் கை மாறி மாறி அவதிப்படும். எனவே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்த பிறகே துண்டுக்குள் கை நீட்டுவோமாக.