கல்லுக்கு அடியில் ஈரம்

ஏனாத்தூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. "லடாக்கில் ஆடுகள் கல்லையா மேய்கின்றன?" என்று போனில் கேட்டாய். பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறதாம், கல்லைத் தவிர ஒன்றுமில்லாத மலைச்சரிவில் வெள்ளாட்டு மந்தை நிற்கிறதாம். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பார்த்தது சாங்தாங் மேய்ச்சல் நிலமாகத்தான் இருக்கும். ராணுவத்தில் நான் லாரி ஓட்டிய நாட்களில் அந்தப் பக்கம் பல தடவை போயிருக்கிறேன். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சாங்தாங்கில் ஆடு மேயும் இடமே 4,000 மீட்டருக்கு மேல். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் உன் கேள்விதான் வந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவனுக்கு அதை மண் என்று சொல்லவே வாய் வரவில்லை.

முதலில் மழைக் கணக்கைப் பார். நம் காஞ்சிபுரம் பக்கம் வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை. லடாக்கின் லே நகரத்தில் சுமார் 100. 2015 டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம் வந்ததே, அப்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் கொட்டியது. லே ஐந்து வருடத்தில் பார்க்கிற தண்ணீர் அது.

மண்ணுக்கு வருவோம். நம் ஊரில் கிணறு வெட்டும்போது நின்று பார்த்திருக்கிறாய். மேலே மண், அதன் கீழே சரளை, பிறகு கையால் பிட்டால் உதிர்கிற மக்கிய பாறை, கடைசியில்தான் கெட்டிப்பாறை. வெயிலும் மழையும் சேர்ந்து பாறையை உள்ளுக்குள்ளேயே மாற்றுகின்றன. அப்படி மாறி வருவதுதான் களி. லடாக்கில் அதற்கு வேண்டிய சூடும் இல்லை, ஈரமும் இல்லை. அங்கே பாறையை உடைப்பது பனி. பகலில் விரிசலுக்குள் இறங்குகிற தண்ணீர் இரவில் உறைகிறது. உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. விடிந்தால் உருகுகிறது, இருட்டினால் மறுபடியும் உறைகிறது. இப்படி ஆயிரமாயிரம் இரவுகள் ஆப்பு வைத்துப் பிளந்ததுதான் அந்தச் சரிவுகளில் கிடக்கும் கல். அங்கே பாறை மக்குவதில்லை, நொறுங்குகிறது. அதனால் சல்லியும் மணலும் ஏராளம், களி மிகவும் குறைவு.

மண் ஆராய்ச்சிக்காரர்கள் 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டை எல்லாம் கல் கணக்கில் தள்ளிவிட்டு, சல்லடையில் கீழே விழுவதைத்தான் மண் என்று எடுத்துக்கொள்வார்கள். களியின் துகளோ 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியது. அவ்வளவு சிறிய துகள்களுக்கு நடுவே அகப்பட்ட தண்ணீர் லேசில் வெளியே வராது. கல்லும் மணலுமான இடத்தில் இடுக்குகள் பெரியவை, ஊற்றிய தண்ணீர் கடகடவென்று கீழே போய்விடும். வடிகால் நன்றாக உள்ள மண் என்று சொல்வது இதைத்தான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 லிட்டர் மண்ணில் 60 லிட்டர் கல்லே அடைத்துக்கொண்டால், ஈரத்தைப் பிடித்து வைக்க மிச்சம் 40 லிட்டர்தான் இருக்கிறது.

"அப்படியானால் அது மோசமான மண்தானே?" என்று கேட்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கும் வரை.

ஹான்லே போகும் வழியில் ஒரு மத்தியானம் வண்டி நின்றுவிட்டது. (ஹான்லே என்றால் 4,500 மீட்டர் உயரத்தில் பெரிய தொலைநோக்கி இருக்கும் ஊர். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்துகிற நிறுவனம்தான் அதையும் நடத்துகிறது.) ஜூலை மாதம், மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. மேல்மண்ணை அள்ளினால் விரலிடுக்கில் மாவு போலக் கொட்டியது. சும்மா உட்கார்ந்திருக்காமல், தேங்காய் மூடி அளவு இருந்த கல் ஒன்றைப் புரட்டினேன். அடியில் மண் கறுத்துக் கிடந்தது. விரலை வைத்தேன், சில்லென்று ஈரம். அந்த ஈரத்துக்குள் வெள்ளை நூலாக வேர்கள் கல்லின் வயிற்றோடு ஒட்டிப் பின்னியிருந்தன. செடியோ ஒரு சாண் தள்ளி, என் கட்டைவிரல் உயரத்துக்கு நின்றது. அந்தக் கல்லைத் தேடித்தான் வேர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

நம் வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு மூடி போடுகிறோமே, அந்த வேலையைத்தான் கல் செய்கிறது. வெயிலும் காற்றும் மண்ணைத் தொடாமல் மறைக்கிறது. கல்மேல் விழுகிற கொஞ்சம் மழையையும் விளிம்பு வழியாக வழிய விட்டு அடியில் சேர்க்கிறது. பகலெல்லாம் சூடு வாங்கி, இருட்டிய பிறகு மெல்ல விடுகிறது. தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடுவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. மேலே தேங்கினால் அந்தக் காற்றும் வெயிலும் ஒரே நாளில் குடித்துவிடும். ஒரு முழம் கீழே போய்விட்டால் வேருக்கு மிஞ்சும். தண்ணீர் கோத்து நிற்கும் மண்ணைச் சூடாக்க வெயிலுக்கு நெடுநேரம் ஆகும். வடிந்த மண் சீக்கிரம் சூடாகும். அதனால் வெயில் படும் கல் சரிவுகளில் வசந்தத்தில் புல் முன்னதாகவே துளிர்க்கும்.

அந்தக் கல்லின் அடிப்பக்கம் வெள்ளையடித்தது போல் இருந்தது. சுண்ணாம்பு. மழை கரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பை, ஈரம் காய்கிற இடத்தில் விட்டுப் போயிருக்கிறது. நம் பக்கம் மழை அதிகமாதலால் சுண்ணாம்பைப் பெரும்பாலும் அடித்துக்கொண்டு கீழே போய்விடும். வறண்ட நாட்டு மண்ணைப் படிக்கிறவர்கள் குழி தோண்டியதும் இந்த வெள்ளையைத்தான் தேடுவார்கள். மழை ஈரம் வழக்கமாக எவ்வளவு ஆழம் போகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஊர்க்காரர் அந்த நிலத்தைப் பார்த்தால் முதல் வேலையாகக் கல்லைப் பொறுக்கி வரப்பில் போடுவார். அங்கே அது நடக்காது. கல் வழியாகக் குளிர் சீக்கிரம் இறங்குவதால், கல்லுக்குக் கீழே இருக்கும் ஈரம் முதலில் உறைந்து கல்லை மேலே தூக்குகிறது. உருகும்போது பொடிமண் அந்த இடைவெளியில் சரிந்து அடைத்துக்கொள்ளும். கல் பழைய இடத்துக்கு இறங்க முடியாது. ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி அடியிலிருந்து புதுக் கல்லை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆடு என்ன தின்கிறது என்றுதானே கேட்டாய்? ஸ்டைபா என்கிற ஊசிப்புல், காரகானா என்கிற முட்புதர், தரையோடு திண்டு போலப் படர்ந்த செடிகள். எல்லாமே மேலே கொஞ்சம், கீழே நிறைய. உடம்பின் பெரும்பகுதியை வேராக மண்ணுக்குள் வைத்துக்கொள்கிற செடிகள். ஒரு சரிவில் நாலு நாள் மேய்ந்தால் தீர்ந்துவிடும். அதனால் அங்கே ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் யாக் மயிரில் நெய்த கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த சரிவுக்கு நடக்கிறார்கள். அந்த நடையில்தான் மேய்ந்த இடம் மூச்சு விடுகிறது. நம் ஏரி தண்ணீரைப் பிடித்து வைப்பதால் நாம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஒரு வாரியம் வைத்திருந்தார்கள் என்று படித்திருப்பாய். சாங்பா மக்களுக்கும் எந்தச் சரிவு எப்போது, யார் மந்தை முதலில் என்று ஊர்க் கட்டுப்பாடு உண்டு. அந்தக் குளிருக்கு ஆட்டின் மேல்மயிருக்கு அடியில் முளைக்கிற மென்மயிர்தான் பஷ்மினா. ஓர் இழையின் பருமன் 12 முதல் 15 மைக்ரான். கல்லுக்கு நடுவில் முளைத்த அந்தப் புல்தான் அப்படி ஆகிறது.

கிடை போட்டால் வயலுக்கு உரம் என்பது நமக்குத் தெரியும். அங்கே விறகு இல்லாததால் சாணமெல்லாம் அடுப்புக்குப் போய்விடுகிறது. எஞ்சியதும் குளிரில் மக்காமல் காய்ந்து கிடக்கிறது. அதனால் சரிவுகளில் மண் வெளுத்தே இருக்கும். கறுப்பு மண் பார்க்க வேண்டுமானால் பள்ளத்தாக்கின் அடிக்குப் போக வேண்டும். மேலே கல்லுக்குள் வடிந்த தண்ணீர் அங்கேதான் ஊற்றாக எழும்புகிறது. கோரை போன்ற புல் வேரும் மண்ணுமாகப் பாய் பின்னியது போல் மண்டியிருக்கும். கருங்கழுத்துக் கொக்குகள் முட்டையிடுவது அப்படிப்பட்ட ஈரவெளிகளில்தான்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். பாதையைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, ஈரப் புல்வெளியின் ஓரமாக லாரியை விட்டேன். சக்கரம் புதைந்து, அந்தப் பாய் கிழிந்தது. ஒரு பாட்டி ஓடி வந்து, கிழிந்த புல்லைக் கையில் எடுத்து வைத்துப் பொருத்திப் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறு வருடம் அதே வழியில் போனேன், தடம் அப்படியே இருந்தது. அடுத்த வருடமும் இருந்தது. நம் வரப்பில் புல்லைச் செதுக்கினால் ஒரு மழைக்கு முளைத்துவிடும். வருடத்தில் இரண்டு மூன்று மாதமே வளர்ச்சி உள்ள இடத்தில் ஆறுவதற்கு எத்தனையோ வருடம் வேண்டும். அதனால்தான் அந்த நிலத்தை யாராவது தரிசு என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. தரிசு என்று பெயர் வைத்துவிட்டால் எதன்மேலும் வண்டியை ஏற்றலாம் என்று ஆகிவிடும்.

அந்த மண்ணால் தாங்க முடியாதது ஒன்று உண்டு, திடீர்ப் பெருமழை. 2010 ஆகஸ்ட் 5 இரவு லேயில் மேகம் வெடித்துக் கொட்டியபோது, பிடிப்பில்லாத சரிவுகள் சேறும் கல்லுமாக ஊருக்குள் இறங்கின. இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

இனி உனக்கு ஒரு வேலை. இரண்டு பழைய பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒரே அளவு ஆற்றுமணல் போடு. ஒன்றின் மேல் மணல் தெரியாதபடி கூழாங்கல் பரப்பு. இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவைத்துக்கொள். மொட்டை மாடியில் வெயிலில் வை. ஐந்து நாள், தினமும் ஒரே நேரத்தில் எடை பார். அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தராசை எடு. இங்கே ஏரி வற்றிக் கிடக்கிறது, வண்டல் அள்ளி ஒரு மூட்டை வைத்திருக்கிறேன். அடுத்த தடவை நீ வரும்போது அதிலும் செய்து பார்ப்போம். இப்போதைக்கு அந்த இரண்டு டப்பாவின் எடைகளையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா