12 ஏ.எம். என்றால் பகலா, இரவா?

பகல் 12 மணிக்கு ஏ.எம். போடுவதா, பி.எம். போடுவதா? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் தடுமாறுவார்கள். ஏ.எம்., பி.எம். இரண்டும் லத்தீன் சுருக்கங்கள்: நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின். உச்சிவேளை 12 மணி முன்னதிலும் சேராது, பின்னதிலும் சேராது. கைபேசியும் கணினியும் 12.00 ஏ.எம். என்றால் நள்ளிரவு, 12.00 பி.எம். என்றால் நண்பகல் என்று எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமோ இரண்டையும் எழுதாமல் இருப்பதே நல்லது என்கிறது.

செய்ய வேண்டியவை

• "பகல் 12 மணி", "நள்ளிரவு 12 மணி" என்றே எழுதுங்கள். ஒரு சொல் கூடினாலும் சந்தேகம் தீரும்.

• ரயில் டிக்கெட்டில் 00.15 என்று இருந்தால் தேதியை இன்னொரு முறை பாருங்கள். பஞ்சாங்கப்படி நமக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். 14ஆம் தேதி படுக்கப்போய் நடுவில் எழுந்தாலும் அது நமக்கு 14ஆம் தேதி ராத்திரிதான். ரயில்வேக்கு நாள் பிறப்பது நள்ளிரவில். 15ஆம் தேதி 00.15 வண்டிக்கு 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால், வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

• கெடு வைப்பவர் நீங்கள் என்றால் இரவு 11.59 என்று வையுங்கள். எந்தத் தேதி என்ற கேள்வியே எழாது. காப்பீட்டு ஒப்பந்தங்களில் 12.01, 11.59 என்றெல்லாம் எழுதுவது இதற்காகத்தான்.

• கைபேசிக் கடிகாரத்தை 24 மணி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பகல் மாத்திரைக்கு வைத்த அலாரம் நடுராத்திரியில் அலறாது.

செய்யக்கூடாதவை

• "15ஆம் தேதி நள்ளிரவு" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அந்தத் தேதிக்கு நள்ளிரவு இரண்டு: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. "14ஆம் தேதி வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி" என்பது நீளம்தான். ஆனால் விமான நிலையத்துக்கு அழைக்க வருபவர் சரியான இரவில் வருவார்.

• "காலை 10 ஏ.எம்." வேண்டாம். காலை என்றபின் ஏ.எம். எதற்கு? அழைப்பிதழ் அச்சிடுபவர்கள் இதை ஏன் விடமாட்டேன் என்கிறார்களோ!

• 15.00 பி.எம். கூடவே கூடாது. 24 மணி முறையில் எழுதினால் ஏ.எம்., பி.எம். இரண்டுக்கும் வேலையில்லை.

• விண்ணப்பத்தின் கடைசி நேரம் "15ஆம் தேதி 12 ஏ.எம்." என்று இருந்தால், 15ஆம் தேதி முழுக்க நேரம் இருக்கிறது என்று நம்பி உட்காராதீர்கள். கணினிக் கணக்கில் 14ஆம் தேதி முடிந்த நொடியே வாசல் சாத்தப்படும். 14ஆம் தேதி மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.