விரைவும் நினைவும்

தேர்வு முடிவு வெளியாகும் நாளிற் பல்லாயிரவர் ஒரே வேளையில் ஒரு சர்வரை நாடுவர். அது திணறி நின்றுவிடின், விரைவு மிக்க பிராசசரை வாங்குக என்பதே பலர் கூறும் பரிகாரம். அஃது எத்துணைப் பயன் தரும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சர்வரென்பது பிற கணினிகள் வலையமைப்பின் வழியே விடுக்கும் வினாக்களுக்கு விடையிறுக்கும் கணினியாகும். அதன்கண் கணக்கிடுந் தொழில் பிராசசருடையது. வினாடிக்கு 300 கோடி துடிப்புடைய பிராசசர் இன்று அரிதன்று. ஆயினும், விடைக்குரிய செய்தி சுழலும் வட்டில் இருப்பின், அதனைத் தேடியெடுக்க ஏறத்தாழ 10 மில்லிவினாடி செல்லும். அதற்குள் 3 கோடி துடிப்புக்கள் கழிந்துவிடும். நினைவகத்திலிருந்து எடுத்தற்கோ 100 நானோவினாடியளவே வேண்டும். அஃதாவது இலட்சத்தில் ஒரு பங்கு. சுழலாத மின்வட்டுக்கள் இவ்விடைவெளியைக் குறைத்தனவேயன்றி ஒழித்தனவல்ல.

ஒரு வினாவிற்குப் பிராசசரின் வேலை 2 மில்லிவினாடி, வட்டிற்காகக் காத்தல் 10 மில்லிவினாடி எனக் கொள்வோம். பிராசசரின் விரைவை இருமடங்காக்கினும் 12 என்பது 11 ஆகும், அவ்வளவே. இனி, பலருங் கேட்கும் விடைகளின் பிரதியை நினைவகத்தில் வைத்து, பத்து வினாக்களில் ஒன்பதற்கு அதினின்றே விடையிறுப்பின், சராசரிக் காத்தல் 1 ஆகி, மொத்தம் 3 ஆகும். இங்ஙனம் பிரதியை அணுக்கத்தில் வைத்தலே கேஷ் எனப்படுவது. (இது ரொக்கத்தைக் குறிக்குஞ் சொல்லன்று, மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது.) இதன் பின்னர்ப் பிராசசரை இருமடங்காக்கின் 3 என்பது 2 ஆகும். முன்னர்ப் பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறைத்த அதே செலவு இப்பொழுது மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கின்றது. ஆகலின், பிராசசர் வேண்டா என்பாரோடும் யாம் உடன்படோம். எதனை முதலிற் செய்வது என்பதே வினா.

1965-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இம்முறையைக் கணினியின் உள்ளமைப்பிற்கே வகுத்துரைத்தார். 2003-இல் லைவ்ஜர்னல் என்னுந் தளத்தின் சர்வர்கள் சுமை தாங்காதபொழுது, பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பார் பல கணினிகளில் வாளாகிடந்த நினைவகத்தை ஒன்றுசேர்த்துப் பொதுக் கேஷாக்கினார். மெம்கேஷ்டு எனப்படும் அந்நிரல் இன்றும் வழங்குகின்றது.

இம்முறைக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. மறுமதிப்பீட்டில் ஒரு மாணவனின் மதிப்பெண் 34 என்பது 43 எனத் திருத்தப்பட்டதாகக் கொள்க. மூலத்தில் திருத்தியவர் பிரதியை அழிக்கத் தவறின், சர்வர் 34 என்றே மிக விரைவாக விடையிறுத்துக் கொண்டிருக்கும். இதுபற்றியே, மூலம் மாறியவுடன் பிரதியை நீக்குதலும், ஒவ்வொரு பிரதிக்கும் காலவெல்லை வகுத்தலும் செய்யப்படுகின்றன. எல்லை நீளின் பிழை நீளும்; குறுகின் வட்டிற்காகக் காத்தல் மிகும். செய்திக்குச் செய்தி அவ்வெல்லை வேறுபடும்.