பின் ஆக்சில் மாற்றினோம்: பட்டறையில் படித்த பாடம்



போன மாதச் சுவர் இதழில் 'நெம்புகோல்' பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்துவிட்டு அறிவியல் ஐயாவிடம், "நான் பல்சக்கரம் பற்றி எழுதட்டுமா ஐயா?" என்று கேட்டேன். "புத்தகத்தைப் பார்த்து எழுதாதே, கண்ணால பார்த்ததை எழுது" என்றார். அதனால் கோடை விடுமுறையில் எங்கள் பழைய பிக்கப் வண்டிக்குப் பின் ஆக்சில் மாற்றியதையே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா ஊரில் தக்காளி, முருங்கைக்காய் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போவார். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட வண்டி சீசன் நேரத்தில் நின்றுபோனது. நின்றதில் என் பங்கும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆக்சில் என்ன வேலை செய்கிறது?

பிக்கப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பானை மாதிரி ஒரு உருண்டை தெரியும். அதற்குள்ளேதான் கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் எல்லாம் இருக்கின்றன. இரண்டு பக்கமும் குழாய். குழாய்க்குள் ஆக்சில் ஷாப்ட். எல்லாம் சேர்ந்ததைத்தான் பட்டறையில் 'ஆக்சில்' என்கிறார்கள்.

இன்ஜினில் இருந்து கியர்பாக்ஸ் வழியாக நீளமான ஜாயிண்ட் ஷாப்ட் பின்னால் வருகிறது. அதன் முனையில் சின்னப் பல்சக்கரம், அதுதான் பினியன். அது பெரிய பல்சக்கரமான கிரவுனைச் சுற்றுகிறது. எங்கள் வண்டியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல். 41 ÷ 10 = 4.1. அதாவது ஜாயிண்ட் ஷாப்ட் 4.1 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று சுற்றும். வேகம் குறைகிறது, இழுவிசை கூடுகிறது. நம் பாடப்புத்தகத்தில் வரும் பல்சக்கர விகிதம் இதுதான்.

டிஃபரன்ஷியல் எதற்கு? வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று வையுங்கள். வண்டி முழு 'யு' திருப்பம் போட்டால் வெளிச்சக்கரம் 3.14 × 1.4 = சுமார் 4.4 மீட்டர் கூடுதலாக ஓடும். இரண்டும் ஒரே தண்டில் இறுகி இருந்தால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்துகொண்டேதான் திரும்பும். இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒனெசிபோர் பெக்கூர் என்பவர் 1820-களின் கடைசியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். கார் பிறப்பதற்கு முன்பே டிஃபரன்ஷியல் பிறந்துவிட்டது!

ஏன் போனது?

ஒரு மாதமாக வண்டி ஓடும்போது பின்னாலிருந்து 'ஊ...' என்று சத்தம் வந்தது. பிறகு 'கடகட' என்றது. பட்டறை அண்ணன் ஆயில் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் கொஞ்சம்தான் வந்தது. அதிலும் வெள்ளிப்பொடி தூவியது போல இரும்புத் துகள். "பல்லு போச்சு தம்பி" என்றார்.

காரணத்தையும் காட்டினார். ஆக்சில் குழாயின் மேலே விரல்நுனி அளவு ஒரு மூச்சுக்குழல் இருக்கிறது. அதன் பெயர் பிரீதர். வண்டி ஓடினால் உள்ளே சூடாகிக் காற்று விரியும். அந்தக் காற்று பிரீதர் வழியே வெளியேற வேண்டும். எங்கள் வண்டியில் அது தோட்டத்துச் சேறு காய்ந்து அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத காற்று பினியன் பக்கம் இருக்கும் ஆயில் சீல் வழியாக ஆயிலைத் தள்ளிவிட்டது. ஆயில் குறைந்தது, பல்லும் பல்லும் உரசின, சூடாகின, பேரிங் போனது, பல்லும் போனது. ஒரு சிட்டிகைச் சேறு செய்த வேலை!

கிரவுன், பினியன், பேரிங் எல்லாம் புதிதாக வாங்கி மாட்டும் செலவைவிட, பழைய வண்டியில் இருந்து முழு ஆக்சிலாக வாங்கினால் குறைவு என்று கணக்குப் போட்டார்கள். அப்பாவும் அண்ணனும் நானும் பழைய இரும்புக் கடைக்குப் போனோம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. லீப் ஸ்பிரிங், அதாவது பட்டை, உட்காரும் இரண்டு மேடைகளுக்கும் இடையே உள்ள அகலம்.
2. வீல் போல்ட் எத்தனை, இடைவெளி எவ்வளவு.
3. பிரேக் டிரம் அளவு.
4. ஜாயிண்ட் மாட்டும் பிளேஞ்சில் நாலு ஓட்டையும் பொருந்துகிறதா.
5. பினியனைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, ஆயிலில் இரும்புத் துகள் இருக்கிறதா.
6. பல் விகிதம். இதைத்தான் பலபேர் பார்ப்பதில்லை.

கடைக்காரர், "அளவு எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போங்க" என்றார். வெளியே பார்க்க அச்சு அசல் எங்கள் ஆக்சில் போலவே இருந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒரு பக்க டிரம்மை நான் ஆடாமப் பிடிச்சுக்கிறேன். நீ அந்தப் பக்க டிரம்மை ரெண்டு சுத்து சுத்து. உங்கப்பா பினியனை எண்ணட்டும்."

ஏன் இரண்டு சுற்று? ஒரு பக்கம் நின்று மறுபக்கம் மட்டும் சுற்றும்போது, டிஃபரன்ஷியல் காரணமாகக் கிரவுன் பாதிச் சுற்றுதான் சுற்றும். டிரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு முழுச்சுற்று. அப்போது பினியன் எத்தனை சுற்றியதோ அதுவே விகிதம்.

சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினோம். நாலு சுற்று தாண்டி, இன்னும் அரைச்சுற்றுக்கு மேலே போனது. அப்படியென்றால் 41க்கு 9 பல், 41 ÷ 9 = 4.56. எங்கள் ஆக்சில் அல்ல!

"மாட்டுனா ஓடாதாண்ணே?" என்று அப்பா கேட்டார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே விகிதம் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சண்டை போட்டு உடையும். எங்களுடையது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, அதனால் ஓடும். ஆனால் என்ன வித்தியாசம் வரும்? "நீ கணக்குப் போட்டுச் சொல்லு" என்று அண்ணன் என்னிடம் தள்ளிவிட்டார்.

4.56 ÷ 4.1 = 1.11. அதே வேகத்தில் போக இன்ஜின் 11 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். ஏற்றத்தில் இழுவை நன்றாக இருக்கும். சமதளத்தில் இரைச்சலும் டீசல் செலவும் கூடும். எங்கள் வண்டியில் ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸில் இருந்து எடுப்பதால் அதுவும் பொய் சொல்லும். 60 என்று காட்டும்போது உண்மை வேகம் 54தான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம ரோட்டுல ஏத்தம் ஏது? வேற பார்ப்போம்" என்றார். அதற்குள் மூன்று நாள் லோடு போயிருந்தது. இன்னும் இரண்டு நாள் அலைந்து 4.1 ஆக்சில் கிடைத்தது.

மாற்றிய விதம்

முதல் வேலை பாதுகாப்பு. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. பின்சக்கரம் தூக்கிய பிறகு அதனால் ஒரு பயனும் இல்லை. அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் வைத்தோம். செங்கல் வைக்கவே கூடாது. செங்கல் சொல்லாமல் உடையும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் கூடாது.

முந்தின நாள் இரவே யு போல்ட் நட்டுகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டோம். காலையில் ஜாயிண்ட் பிளேஞ்சில் உளியால் அடையாளம் வைத்து நாலு போல்ட்டைக் கழற்றினோம். திரும்ப மாட்டும்போது ஷாப்ட் பக்கத்து அடையாளம் நினைவில் இருக்கும். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சர்பரின் கீழ்ப்போல்ட் கழற்றினோம். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். கடைசியாக நாலு யு போல்ட். இரண்டு நட்டு அசையவே இல்லை, கேஸ் வைத்து அறுத்தார் அண்ணன். சேஸிஸைக் கொஞ்சம் உயர்த்தினோம். சக்கரத்தோடு ஆக்சிலை மாட்டுவண்டி அச்சு போலப் பின்னால் உருட்டி எடுத்தோம்.

புதிதாக வந்ததை அதே வழியில் உள்ளே உருட்டினோம். பட்டையின் சென்டர் போல்ட் தலை, ஆக்சில் மேடையில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஆக்சில் கோணலாகி வண்டி நண்டு போல ஓடும். யு போல்ட் நான்கும் புதுசு. ஒருமுறை இறுக்கியது இழுபட்டிருக்கும், அதைத் திரும்பப் போடக்கூடாது என்றார். நட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் வந்தபின் கடைசி இறுக்கு.

புது ஆயில் சீல் போட்டோம். பிரீதரை நானே கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டினேன். பிறகு கியர் ஆயில். கிரவுனும் பினியனும் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் சாதாரண ஆயில் படலம் அறுந்துவிடும். அதற்குக் கந்தகச் சேர்மம் கலந்த தனி ஆயில் உண்டு. கியர் ஆயிலின் அந்த நாற்றம் கந்தக நாற்றம்தான். ஊற்றும் ஓட்டையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும்.

பிரேக்கில் காற்று எடுக்கும்போது நான் பெடல் மிதித்தேன். தூரத்துச் சக்கரம் முதலில், கிட்டத்துச் சக்கரம் பிறகு. இரண்டு தடவை எடுத்தும் பெடல் பஞ்சு போல இறங்கியது. எனக்குச் சீக்கிரம் வண்டி ஓட வேண்டும் என்ற ஆசை, "பிரேக் இருக்குண்ணே" என்றேன். அண்ணன் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். "இது பிரேக்கா? உங்கப்பா லோடோட வரும்போது யாரு பதில் சொல்றது?" என்றார். மறுபடி எடுத்தோம். கடைசிக் குமிழி வந்தபின் பெடல் கல் போல நின்றது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து யு போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டோம்.

நான் சொல்ல வேண்டியது

ஞாயிறுதோறும் வண்டி கழுவுவது நான்தான். அந்தப் பானை உருண்டையின் முன்னால் ஆயில் ஈரம் இருப்பதை இரண்டு மாதத்துக்கு முன்பே பார்த்தேன். அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். அடுத்த வாரமும் ஈரம், அடுத்த வாரமும் துடைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆக்சில் மாட்டி முடித்த அன்று இரவு சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நானும்தானே குனிஞ்சு பார்க்கல" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

நண்பர்களே! இயந்திரம் வாய் பேசாது. கசிவும், சத்தமும், சூடும்தான் அதன் பேச்சு. துடைப்பதற்கு முன் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

சின்னக் கேள்வி: கிரவுனில் 43 பல், பினியனில் 10 பல். ஒரு டிரம்மை ஆடாமல் பிடித்து, மறு டிரம்மை 2 சுற்று சுற்றினால் பினியன் எத்தனை சுற்று சுற்றும்? (விடை: 4.3. டிரம்மை ஒரே ஒரு சுற்று சுற்றினால்? அதை நீங்களே கண்டுபிடித்துக் கணக்கு ஐயாவிடம் காட்டுங்கள்.)



– 11-ஆம் வகுப்பு மாணவன்