கிரைண்டர் போட்டால் கரண்ட் போகிறதா?

தேவதானம், சேத்தூர் பக்கம் முன்னால் கடையும் பின்னால் வீடுமாக இருப்பவர்கள் நம்மில் பலர். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்திற்குப் பிறகு ஆட்டுக்கல் மூலைக்குப் போய்விட்டது. வீட்டில் மாவரைக்க சுவிட்சைத் தட்டினால், கடையில் பால், தயிர் இருக்கும் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. "டிரிப்பரைக் கழற்றி நேராகக் கொடுத்துவிடு" என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுகிறோம். அது உயிரோடு விளையாடும் காரியம்.

ஆர்.சி.சி.பி. என்ற அந்தக் கருவி ஒரு கணக்குப்பிள்ளை. பேஸ் கம்பியில் போன கரண்ட் நியூட்ரலில் முழுமையாகத் திரும்புகிறதா என்று பார்க்கும். வீட்டுக்கு உரியது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு குறைந்தால் உடனே துண்டித்துவிடும். குறைந்த கரண்ட் மனித உடல் வழியாகவும் போயிருக்கலாம் அல்லவா? எம்.சி.பி. இந்தக் கசிவைக் கவனிக்காது. அது அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும் மட்டுமே.

பழுதே இல்லாமல் ஏன் விழுகிறது? இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின் போன்றவற்றில் இயல்பாகவே சிறு கசிவு உண்டு. சில்லறை சேர்ந்து ரூபாயாவதுபோல் இவை ஒன்று சேரும். 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கருவி விழ இடமுண்டு.

கண்டுபிடிக்கும் முறை இது:

1. எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு வயரிங்கில்: சுவரில் ஈரம், அல்லது நியூட்ரல் எர்த்தைத் தொடுவது.

2. நின்றால், ஒவ்வொரு பொருளாகப் போடுங்கள். தனியாகப் போட்டும் விழச் செய்வது எதுவோ, அதுவே பழுது. கிரைண்டர் மோட்டாரில் மாவுத் தண்ணீர் இறங்குவதும், கெட்டில், ஹீட்டர் காயிலில் ஈரம் ஏறுவதும் அடிக்கடி நடப்பவை.

3. எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுந்தால், லோடைப் பிரிக்க வேண்டும்.

கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என ஆர்.சி.சி.பி.யைத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு லைனின் நியூட்ரலும் எங்கும் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டுமே விழும். வீட்டுக் கோளாறு கடைச் சரக்கைக் கெடுக்காது.

மாதம் ஒருமுறை அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். கெட்டுப்போன பாலை மறுநாள் வாங்கிவிடலாம். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் வீட்டுப் பெண்களின் உயிரை எங்கே வாங்குவது?