இதய மாற்றீடும் இதயத் துணைக்கருவியும்

மனித இதயம் ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 தடவைகள் துடித்து, உடலெங்கும் குருதியைச் செலுத்துகின்றது. இதயத் தசை மிகவும் பலவீனமடைந்து மருந்துகளும் பயனளிக்காதபோது நோயாளியைக் காப்பாற்றப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

1. இதய மாற்றீடு

1967 டிசம்பர் 3 இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பார்னாட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இறந்த ஒருவரின் இதயத்தை முதன்முதலாக மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுத்த மருந்துகள் அவரது நிர்ப்பீடனத்தைக் குறைத்தன. அதனால் நியுமோனியா தொற்றி இறந்தார். பங்கசு ஒன்றிலிருந்து பெறப்பட்ட சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்து 1980களில் பாவனைக்கு வந்த பின்னரே இச்சிகிச்சை பரவலாகியது.

எனினும், இதயத்தை உயிருடன் உள்ள ஒருவர் தானம் செய்ய முடியாது. பனிக்குளிரில் வைத்த இதயமும் ஏறத்தாழ 4 மணித்தியாலங்களே தாங்கும். ஆகவே பலர் காத்திருக்க நேர்கின்றது.

2. செயற்கை இதயம்

1982 இல் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டாவில் பார்னி கிளார்க் என்பவருக்கு ஜார்விக்-7 என்னும் செயற்கை இதயம் பொருத்தப்பட்டது. அவர் 112 நாட்கள் வாழ்ந்தார். அதனை இயக்கிய பெரிய காற்றமுக்கப் பொறி உடலுக்கு வெளியே இருந்தமையால் அவரால் சுதந்திரமாக நடமாட முடியவில்லை.

3. இடது இதயவறைத் துணைக்கருவி

இது ஒரு சிறிய பம்பி. இடது இதயவறையிலிருந்து குருதியைப் பெற்றுப் பெருநாடிக்குள் செலுத்தும். தோலினூடாக வரும் வடம், வெளியேயுள்ள மின்கலங்களுடன் இதனை இணைக்கும். நோயாளி வீடு செல்லலாம். குருதி இடைவிடாது பாய்வதால் பலருக்கு மணிக்கட்டில் நாடித்துடிப்பு தென்படாது.

4. பன்றி இதயம்

2022 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் மேரிலண்டில், 10 பரம்பரையலகு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் ஏறத்தாழ 2 மாதங்கள் வாழ்ந்தார். மனித இதயங்களின் பற்றாக்குறையே இம்முயற்சிக்குக் காரணம்.

கவனிக்க: செயற்கை இதயமும் துணைக்கருவியும் ஒன்றல்ல. முன்னையது நோயுற்ற இதயவறைகளை அகற்றி அவற்றின் இடத்தில் வைக்கப்படுவது. பின்னையது இதயத்தை இருந்த இடத்திலேயே வைத்து அதற்கு உதவுவது. விடையெழுதும்போது இவற்றை மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பார்னாட்டின் நோயாளி இறந்தமைக்குக் காரணம் யாது?
2. துணைக்கருவி பொருத்தப்பட்டவரில் நாடித்துடிப்பு தென்படாதிருப்பது ஏன்?
3. இதயத்துக்காகக் காத்திருப்பவருக்குத் துணைக்கருவி எவ்வாறு உதவும் என விளக்குக.