கணினியைப் புதுப்பித்தபின் இணைப்பு நின்றால்

திண்டுக்கல்லை அடுத்த அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்து உழவர் இல்லங்களில் இன்று கணினி ஓர் அபூர்வப் பொருளன்று. சிட்டா நகல் எடுப்பதற்கும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதற்கும், பிள்ளைகளின் கல்விக்கும் அது துணை செய்கின்றது. ஊராட்சி, பேரூராட்சி அலுவலகங்களிலோ வரிக் கணக்கும் திட்டக் கணக்கும் அதன்வழியே நடைபெறுகின்றன. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைப்பதற்காகப் பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டதும் இக்காரணம் பற்றியே. ஆதலால் இணைப்பு ஒரு நாள் நின்றாலும் காரியம் கெடும். அந்நாள் காப்பீட்டுப் பதிவின் இறுதி நாளாக அமைந்துவிட்டால் விளையும் நஷ்டத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு நிற்பது பல வேளைகளில் இயக்க மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் நேர்கின்றது. கணினியின் உறுப்புக்களையெல்லாம் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளையே இயக்க மென்பொருள் என்கிறோம். நம் பகுதிக் கணினிகளில் மிகுதியாகக் காணப்படுவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதன் 10-ஆம் பதிப்புக்கு அளிக்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனையொட்டிப் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினர். மாறியபின், "நேற்று வரை அச்சிட்ட பிரிண்டர் இன்று அச்சிடவில்லை, மாடியில் உள்ள கணினியின் கோப்பு கீழே உள்ளதில் திறக்கவில்லை" என்னும் முறையீடு எழுவது இயல்பு.

இந்நிலையில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: நின்றது எந்த இணைப்பு? வீட்டிலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் இணைய இணைப்பா, அல்லது வீட்டுக்குள்ளேயே ஒரு கணினிக்கும் மற்றொரு கணினிக்கும் இடையே உள்ள தொடர்பா? வயல் காய்ந்தால் ஏரியில் நீர் இல்லையா, அல்லது மடை அடைபட்டுள்ளதா என்று பார்த்த பின்னரே உழவர் மண்வெட்டியைத் தூக்குகிறார். கணினியிடமோ நம்மவர் பலர் அந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை. எடுத்த எடுப்பிலேயே கடைக்குத் தூக்கிச் செல்கின்றனர். கடையில் உள்ளவரும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸை ஏற்றித் தருகிறார். இணைப்பு வந்துவிடுகிறது, ஐந்தாண்டுக் கணக்கும் பிள்ளையின் திருமணப் படங்களும் போய்விடுகின்றன.

இணையம் நின்றுள்ளதா என்பதை அறியக் கைபேசியே போதும். அதன் சிம் வழி வரும் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் இணைத்துப் பார்த்தல் வேண்டும். டேட்டாவை அணைக்காமல் செய்யும் சோதனை சோதனையே ஆகாது. வைஃபை செத்துக் கிடந்தாலும் கைபேசி சிம் மூலமாக வேலை செய்து நம்மை ஏமாற்றிவிடும். கைபேசியிலும் இணையம் வரவில்லையாயின் கணினியின் மீது குற்றம் இல்லை. ரவுட்டர் பெட்டியைக் காண்க. கண்ணாடி இழை இணைப்பில் 'லாஸ்' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். கம்பி எங்கேனும் அறுபட்டிருக்கலாம், முனை கழன்றிருக்கலாம். இணைப்பு அளித்தவருக்குத் தெரிவிப்பதே வழி.

கைபேசியில் இணையம் வந்து கணினியில் மட்டும் வராவிட்டால், கணினியின் செட்டிங்ஸ் பகுதியில் நெட்வொர்க் விவரங்களைத் திறந்து ஐ.பி. எண்ணைப் பார்த்தல் நலம். கதவிலக்கம் போன்றது அது. ரவுட்டர்தான் அதனை வழங்குகின்றது. வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இயக்கி, கணினியையும் மீண்டும் தொடங்கினால் பல வேளைகளில் சரியாகிவிடும்.

வைஃபை குறியீடே காணாமற் போயிருந்தால், அப்பாகத்தை இயக்கும் 'டிரைவர்' என்னும் சிறு மென்பொருள் புதிய பதிப்புக்குப் பொருந்தவில்லை எனலாம். டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்ப வழியுண்டு. புதியதைத் தரவிறக்கவோ இணையம் வேண்டும். இணையம்தான் இல்லையே என்று கலங்க வேண்டா. கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, 'டெதரிங்' வசதியை இயக்கினால் தற்காலிகமாக இணையம் கிடைக்கும்.

இணையம் நன்றாக வந்து, கோப்புப் பகிர்வு மட்டும் நிற்பதே பலரைக் குழப்புவது. இங்கே எதுவும் பழுதாவதில்லை. பூட்டு மாறியிருக்கிறது; அவ்வளவே. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டை மாற்றிய வீட்டில் பழைய சாவி செல்லாததற்காகக் கதவு கெட்டது என்று அவ்வூரார் எவரும் சொல்லமாட்டார். 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், அலுவலகங்களில் மிகுதியாக உள்ள புரோ வகைக்கு இரு கட்டுப்பாடுகள் இயல்பாகவே விதிக்கப்பட்டன. பெயரும் கடவுச்சொல்லும் கூறாத விருந்தினராக மற்றொரு கணினியின் பகிர்வுக்குள் நுழைதல் இனி இயலாது என்பது ஒன்று. பகிர்வில் செல்லும் ஒவ்வொரு செய்தியும் மின்னணு ஒப்பத்தோடு செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. கடவுச்சொல்லே இன்றி இதுகாறும் கோப்புக்களைப் பகிர்ந்தவர்களின் ஏற்பாடு இதனால்தான் நின்றது.

இதற்குத் தீர்வு எளிது. கோப்புக்கள் உள்ள கணினியில் ஒரு பயனர் கணக்கை ஏற்படுத்தி, அதற்குக் கடவுச்சொல் வைத்து, மற்றக் கணினியிலிருந்து அந்தப் பெயரும் சொல்லும் கொடுத்து நுழைதல் வேண்டும். அன்றாடம் கணினியைத் திறக்க நாம் இடும் நான்கிலக்கப் பின் எண் இங்கே செல்லாது. முழுக் கடவுச்சொல்லே வேண்டும். அத்துடன், வீட்டு இணைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க. பேருந்து நிலைய வைஃபைக்கு உரிய குறி அது. அவ்வாறு இருப்பின் கணினி பிறர் கண்ணுக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும். நம்பிக்கையான வீட்டு இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றிக் கொள்ளலாம். வைஃபையோடு நேரே இணைந்த பிரிண்டராயின், ரவுட்டரை நிறுத்தி இயக்கியபோது அதன் ஐ.பி. எண் மாறியிருக்கக்கூடும், பட்டியலிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்தால் போதும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. "பயர்வாலை அணையுங்கள், பழைய எஸ்.எம்.பி. முதற்பதிப்பை இயக்குங்கள், எல்லாம் சரியாகும்" என்று அறிவுரை கூறுவோர் உளர். கோப்புப் பகிர்வுக்கான அப்பழைய முறை, 2017-இன் இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் பதிப்புக்களில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஏன் என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அவசியம் அறிதல் வேண்டும். 2017 மே 12-ஆம் நாள், 'வானாகிரை' என்னும் பணயத் தீநிரல் அம்முறையிலிருந்த ஓட்டை வழியே உலகெங்கும் பரவியது. கோப்புக்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. மே 15, திங்கட்கிழமை, நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சியிலும், பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சியிலும் அலுவலகக் கணினிகள் அதற்கு இரையாயின. பெருநகர வங்கிக்கு வரும் ஆபத்து சிற்றூருக்கு வராது என்று எண்ணுவதற்கு இடமில்லை. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரு மாதங்கள் முன்பே, மார்ச் 14-இல் வெளியாகியிருந்தது. புதுப்பித்த கணினிகள் தப்பின.

ஆகவே புதுப்பித்தல் தொல்லை தருகிறதென்று அதனை அடியோடு நிறுத்திவிடுவது தகாது. அலுவலகத்தில் உள்ள பழைய ஜெராக்ஸ் இயந்திரம் அந்த முதற்பதிப்பை மட்டுமே அறிந்ததாயின், நகல்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுதல் சற்றுச் சிரமமாயினும் பாதுகாப்பானது.

மேற்கூறிய எதனாலும் பயன் விளையாவிடில் 'நெட்வொர்க் ரீசெட்' என்னும் வசதி உளது. அது இணைப்புப் பாகங்கள் அனைத்தையும் நீக்கி மறுபடியும் நிறுவும். அதோடு சேமித்த வைஃபைக் கடவுச்சொற்களும், கையால் இட்ட ஐ.பி. எண்களும் மறைந்துபோம். முன்னதாக அவற்றைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். ஊராட்சிச் செயலாளர் அத்தாளை அலுவலகப் பதிவேட்டோடு பூட்டி வைப்பது முறை. திரைமேல் ஒட்டி வைப்பதைச் சில இடங்களில் காண்கிறோம். அது கல்லாப் பெட்டியின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

மாதந்தோறும் வரும் சிறு திருத்தத்தால் கோளாறு நேர்ந்தது தெளிவானால், விண்டோஸ் அப்டேட் வரலாற்றுப் பகுதியில் அந்த ஒன்றை மட்டும் நீக்கி, அடுத்த திருத்தம் வரும் வரை காத்திருக்கலாம். பதிப்பே மாறியிருந்தால், ரிகவரி பகுதியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இருக்கும். ஆயினும் அது இயல்பாக 10 நாட்கள் வரையிலேயே கிட்டும். பழுது பார்ப்பவரை அழைக்கும்போது, புதுப்பித்த நாள், திரையில் தோன்றிய பிழைச் செய்தியின் படம், கைபேசிச் சோதனையின் முடிவு ஆகிய மூன்றையும் அவரிடம் கூறுதல் நன்று. கோப்புக்களைத் தனி வட்டில் நகலெடுக்கும் முன்னர் கணினியைக் கடைக்கு அனுப்புதல் கூடாது.